வீட்டு முயல்கள் பெருகிவிட்டால் என்ன செய்வது?

குழந்தைகள் ஆசைப்பட்டார்கள் என்று சந்தையில் ஒரு ஜோடி முயல் வாங்கி வந்து வீட்டில் விடுவது கிராமங்களில் இன்று சாதாரணமாகிவிட்டது. மாடும் ஆடும் இருக்கிற வீட்டில் இரண்டு முயல் ஒரு பாரமாகத் தெரிவதில்லை. வரப்பில் அறுத்த புல்லும், சமையலறையில் மிஞ்சிய கீரைத்தண்டும் அவற்றுக்குப் போதும். ஆனால் ஆறேழு மாதம் போனதும் நிலைமை மாறிவிடுகிறது. கூண்டு நிறையக் குட்டிகள். அவற்றில் தினமும் ஒன்றிரண்டு இறந்து கிடக்கின்றன. பெரியவை ஒன்றையொன்று கடித்துக் குதறுகின்றன. தீவனச் செலவு ஏறுகிறது. மூத்திர நாற்றம் வீட்டுக்குள் வருகிறது. புல் அறுப்பதும் கூண்டைக் கழுவுவதும் பெரும்பாலும் வீட்டுப் பெண்கள் தலையில்தான் விழுகின்றன. இந்த நிலைக்கு வந்தவர்கள் பதற்றப்பட வேண்டியதில்லை. முயலின் இயல்பைப் புரிந்துகொண்டு சில வேலைகளை முறையாகச் செய்தால் ஒரே மாதத்தில் நிலைமையைக் கைக்குள் கொண்டுவந்துவிடலாம்.

பெருக்கம் ஏன் இவ்வளவு வேகம்?

மாடு, ஆடு போன்றவை குறிப்பிட்ட நாட்களில் மட்டுமே பருவத்துக்கு வரும். அந்த நாள் தவறினால் அடுத்த பருவம் வரை காத்திருக்க வேண்டும். முயல் அப்படியல்ல. இணை சேர்ந்த பிறகே பெண் முயலின் கருமுட்டை வெளிப்படுகிறது. சேர்க்கை நடந்து சுமார் 10 மணி நேரத்தில் முட்டை வெளியாகிக் கருத்தரிக்கிறது. ஆகவே ஆண் முயல் அருகில் இருக்கும் எந்த நாளும் பெண் முயலுக்குச் சினை பிடிக்கும் நாளாக அமையலாம்.

சினைக்காலம் 30 முதல் 32 நாட்கள். ஓர் ஈற்றில் சராசரியாக 5 முதல் 8 குட்டிகள் பிறக்கும். எல்லாவற்றுக்கும் மேலாக, குட்டி போட்ட அன்றே பெண் முயல் மறுபடி இணை சேர்ந்து சினையாகிவிடும். ஒரு பக்கம் பால் கொடுத்துக்கொண்டே மறுபக்கம் அடுத்த ஈற்றுக்கு வயிறு வளர்க்கும் பிராணி இது.

கணக்குப் போட்டுப் பார்த்தால் விஷயம் விளங்கும். ஜனவரி முதல் தேதி ஒரு ஜோடி இணை சேர்வதாக வைத்துக்கொள்வோம். ஈற்றுக்கு 6 குட்டி. ஆண் முயலைப் பிரிக்காமல் விட்டால் பிப்ரவரி, மார்ச், ஏப்ரல், மே, ஜூன் என்று ஐந்து ஈற்று. மொத்தம் 30 குட்டிகள்; தாய் தகப்பனோடு 32. மூன்றில் ஒரு பங்கு இறந்தாலும் 20-க்கு மேல் மிஞ்சும். இதோடு நிற்பதில்லை. பிப்ரவரியில் பிறந்த பெண் குட்டிகள் ஜூன், ஜூலையில் தாமே சினைக்குத் தயாராகிவிடும். அப்போது தாயும் மூன்று மகள்களும் சேர்ந்து ஒரே மாதத்தில் 24 குட்டி போட முடியும். முதல் ஆறு மாதம் மெதுவாகத் தெரிந்தது ஏழாம் மாதத்தில் திடீரென்று எகிறுவது இதனால்தான்.

நமக்குத் தெரியாமல் சினையாவது எப்படி?

'இரண்டும் பெண் என்று சொல்லித்தான் கொடுத்தார்கள்' என்பது பலரும் சொல்லும் குறை. ஒரு மாதக் குட்டியில் ஆண், பெண் வேறுபாடு காண்பது பழக்கப்பட்டவர்களுக்கே சிரமம். விற்பவர் சொல்லை மட்டும் நம்பக் கூடாது. வளர்ந்த பெண் முயலை வாங்கினால் அது ஏற்கெனவே சினையாக இருக்கவும் வாய்ப்புண்டு.

இரண்டாவது, உடன்பிறந்த குட்டிகளை வயது வந்த பிறகும் ஒன்றாகவே விட்டுவிடுவது. அண்ணன், தங்கை என்ற கணக்கெல்லாம் முயலுக்குக் கிடையாது. சிறிய ரகங்கள் மூன்றரை, நான்கு மாதத்திலேயே சினையாகிவிடும். நெருங்கிய உறவில் தொடர்ந்து இனவிருத்தி நடந்தால் குட்டிகள் சிறுத்து, நோய்க்கு எளிதில் இலக்காகும்.

மூன்றாவது, கோடை வெயில். கடும் வெப்பத்தில் ஆண் முயலின் விந்து வீரியம் குறைந்து தற்காலிக மலட்டுத்தன்மை ஏற்படும். ஏப்ரல், மே மாதங்களில் சினை பிடிக்காததைக் கண்டு 'இது மலட்டுக் கிடா' என்று முடிவு கட்டி, ஆணையும் பெண்களையும் ஒன்றாகவே விட்டுவிடுகிறார்கள். வெப்பம் தணிந்து சில வாரங்கள் சென்றதும் வீரியம் திரும்பிவிடும். பிறகு எல்லாப் பெண் முயல்களும் ஒரே சமயத்தில் குட்டி போடும்.

நான்காவது, முயல்களைத் தரையில் திறந்து விடுவது. பெண் முயல் மண்ணைத் தோண்டி வளை அமைத்து, அதற்குள் குட்டி போட்டு, வாயை மண்ணால் மூடிவிடும். குட்டிகள் மூன்று வாரம் கழித்து வெளியே வரும்போதுதான் வீட்டாருக்கே தெரியவரும்.

முதல் வேலை பிரிப்பது

எண்ணிக்கை கட்டுமீறிவிட்டது என்று தெரிந்த அன்றே வளர்ந்த ஆண் முயல்களை வேறு கூண்டுக்கு மாற்ற வேண்டும். தீவனம், மருந்து, விற்பனை எல்லாம் அதற்கு அடுத்துத்தான். புதுக் கூண்டு செய்யும் வரை காத்திருக்க வேண்டாம். காற்றோட்டமுள்ள மரப்பெட்டியோ, கனமான மூங்கில் கூடையோ சில நாட்களுக்குப் போதும்.

வளர்ந்த ஆண் முயல்களை ஒவ்வொன்றாகத் தனியே அடைக்க வேண்டும். இரண்டு ஆண்களை ஒரே கூண்டில் விட்டால் கடித்துக்கொண்டு விதைப்பையைக்கூடக் கிழித்துவிடும். மூன்று மாதத்துக்கு உட்பட்ட ஆண் குட்டிகளைச் சேர்த்து வைக்கலாம். பெண் குட்டிகளையும் தனியாகச் சேர்த்து வைக்கலாம். சினை முயலும் குட்டி போட்ட முயலும் தனித்தனியே இருக்க வேண்டும்.

பிரித்த தேதியைச் சுவரிலோ நாட்காட்டியிலோ குறித்து வைப்பது அவசியம். அன்றிலிருந்து 32 நாட்கள் வரை எந்தப் பெண் முயலும் குட்டி போடலாம். இந்தக் கெடு முடியும் வரை எல்லாப் பெண் முயல்களையும் சினை என்றே கருதி நடத்துவது நல்லது. கெடு கடந்தும் குட்டி போடாதவை சினையில்லை என்று கொள்ளலாம். சில முயல்கள் சினையில்லாமலே 16 முதல் 18 நாட்களில் ரோமத்தைப் பிய்த்துக் கூடு கட்டும். இது பொய்ச் சினை. ஒரு பெண் முயல் மற்றொன்றின் மேல் ஏறுவதாலும் இது ஏற்படும். தானாகவே சரியாகிவிடும்.

ஆண், பெண் அறிவது எப்படி?

காதைப் பிடித்து முயலைத் தூக்கக் கூடாது. கழுத்துக்குப் பின்புறமுள்ள தளர்ந்த தோலை ஒரு கையால் பிடித்து, மறு கையால் பின்பாகத்தைத் தாங்க வேண்டும். தாங்காமல் விட்டால் முயல் உதறும் வேகத்தில் அதன் முதுகெலும்பே முறிந்துவிடும்.

ஒருவர் உட்கார்ந்து, முயலை மடியில் மல்லாக்கக் கிடத்தி, வால் பக்கமுள்ள பிறப்புறுப்பின் இருபுறமும் இரு விரல்களால் மெல்ல அழுத்த வேண்டும். ஆணுக்கு வட்டமான துவாரத்துடன் உருண்ட சிறு குழாய்போல உறுப்பு வெளியே தெரியும். பெண்ணுக்கு நீளவாக்கில் பிளவுபோலத் தெரியும். ஆசனவாய்க்கும் உறுப்புக்கும் உள்ள இடைவெளி ஆணுக்கு அதிகம், பெண்ணுக்குக் குறைவு. பாலை மறக்கடிக்கும்போது ஒரு முறையும், இரண்டரை மாதத்தில் மறுமுறையும் பார்த்தால் தவறு நேராது. இரண்டரை, மூன்று மாதத்தில் ஆண் குட்டிகளுக்கு விதைகள் இறங்கி வெளியே தெரியத் தொடங்கும். அதற்குள் பிரிவினை முடிந்திருக்க வேண்டும்.

எதிர்பாராமல் பிறந்த குட்டிகள்

காலையில் கூண்டைத் திறந்ததும் ரோமமில்லாத, கண் திறக்காத குட்டிகள் கிடக்கின்றன என்றால் முதலில் ஆணை அப்புறப்படுத்த வேண்டும். இல்லாவிடில் அன்றே தாய் மறுபடி சினையாகும். அடுத்த ஈற்று வரும்போது முந்திய குட்டிகள் அதே கூண்டில் இருந்து பச்சைக் குட்டிகளை மிதித்துக் கொல்லும்.

பிறந்த குட்டிக்குப் பெரிய எதிரி குளிர்தான். ஒன்றரை அடி நீளம், ஓரடி அகலம், ஓரடி உயரமுள்ள மரப்பெட்டி ஒன்றில் காய்ந்த புல்லோ தேங்காய் நாரோ பரப்பி, தாய் பிய்த்துப் போட்ட ரோமத்தை அதன்மேல் வைத்து, குட்டிகளை ஒன்றாகச் சேர்த்து வைக்க வேண்டும். தாய் எளிதாக ஏறி இறங்க முன்பக்கப் பலகையை அரையடி உயரத்துக்குக் குறைத்துவிட வேண்டும். இறந்த குட்டிகளை உடனே அகற்ற வேண்டும். சினை நாள் தெரிந்த முயலுக்கு 25 நாட்கள் ஆனதும் இந்தப் பெட்டியை வைத்துவிடுவது முறை.

தாய் குட்டிகளோடு படுத்திருப்பதில்லை என்று கண்டு பலர் கவலைப்படுகிறார்கள். கையால் பிடித்து வைத்துப் பாலூட்டவும் முயல்கிறார்கள். அது தேவையில்லை. முயல் நாளுக்கு ஒரு முறை, பெரும்பாலும் இரவிலோ விடியலிலோ, மூன்று நான்கு நிமிடம் மட்டுமே பால் கொடுக்கும். காலையில் குட்டியின் வயிறு உருண்டு புடைத்திருந்தால் பால் குடித்திருக்கிறது என்று பொருள். தோல் சுருங்கி வயிறு ஒட்டியிருந்தால்தான் கவனிக்க வேண்டும். ஒரு தாய்க்கு 8 குட்டிக்கு மேல் இருந்தால், அதே சமயத்தில் குட்டி போட்ட வேறொரு தாயிடம் சிலவற்றை மாற்றி விடலாம். குட்டிகளுக்குள் வயது வித்தியாசம் இரண்டு மூன்று நாட்களுக்கு மேல் இருக்கக் கூடாது.

சுமார் 10 நாளில் கண் திறக்கும். மூன்று வாரத்தில் பெட்டியை விட்டு வெளிவந்து தீவனத்தைக் கொறிக்கும். ஐந்து, ஆறு வாரத்தில் பாலை மறக்கடித்துவிடலாம். தாய் தன் குட்டியைக் கடித்துத் தின்றால் பெரும்பாலும் தாகமோ, பயமோ காரணமாக இருக்கும். குட்டி போடும் நாட்களில் தண்ணீர் தட்டாமல் இருப்பதும், குழந்தைகளும் நாயும் பூனையும் கூண்டருகே போகாமல் இருப்பதும் முக்கியம். எறும்பு மொய்த்தே ஓர் ஈற்றுக் குட்டிகள் முழுவதும் சாவதுண்டு. கூண்டுக் கால்களைத் தண்ணீர் ஊற்றிய கிண்ணங்களில் நிறுத்த வேண்டும்.

இடமும் காற்றும்

வளர்ந்த ஆண் முயலுக்கு 4 சதுர அடி, தாய் முயலுக்கு 5 சதுர அடி, குட்டி ஒன்றுக்கு ஒன்றரை சதுர அடி என்ற அளவில் இடம் இருக்க வேண்டும். கையிலுள்ள இடத்தை இந்தக் கணக்கால் வகுத்துப் பார்த்தால் எத்தனை முயல் தாங்கும் என்பது தெரிந்துவிடும். கூண்டு தரையிலிருந்து மூன்று அடி உயரத்தில் இருந்தால் பாம்பு, நாய் பயம் குறையும். புழுக்கையும் கீழே விழுந்துவிடும். கம்பி வலைத் தரையின் ஒரு மூலையில் சிறு பலகை போட்டால் பாதத்தில் புண் வராது.

கூண்டுக்குக் கீழே மூத்திரம் தேங்கினால் அதிலிருந்து எழும் அம்மோனியா நெடி கண்ணையும் மூச்சுப்பாதையையும் கெடுக்கும். தினமும் கூட்டி அள்ள வேண்டும். அள்ளியதை எருக்குழியில் போட்டால் கீரைப் பாத்திக்கும் காய்கறிக்கும் நல்ல உரம். கோடையில் கூண்டின் மேல் ஓலையும் பக்கங்களில் ஈரச் சாக்கும் தொங்கவிட வேண்டும். முயல் குளிரைத் தாங்கும், வெயிலைத் தாங்காது.

தீவனச் செலவு

வளர்ந்த முயல் ஒன்றுக்கு நாளொன்றுக்கு 100 கிராம் அடர்தீவனமும் 250 கிராம் பசுந்தீவனமும் தேவை. பால் கொடுக்கும் தாய்க்கு அடர்தீவனம் 150 கிராம் வேண்டும். பால் மறந்த குட்டிக்கு 50 கிராமில் தொடங்கலாம். இருபது முயல் வளர்ந்துவிட்டால் நாளுக்கு 2 கிலோ, மாதத்துக்கு 60 கிலோ அடர்தீவனம். அன்றாடம் 5 கிலோ பசுந்தீவனம். உள்ளூர் விலையில் இதைப் பெருக்கிப் பார்ப்பது எதற்கும் முந்தி செய்ய வேண்டிய கணக்கு.

வீட்டிலேயே தீவனம் கலக்க விரும்புவோர் உடைத்த மக்காச்சோளம் 30 பங்கு, உடைத்த கம்பு 30, கோதுமைத் தவிடு 25, கடலைப் பிண்ணாக்கு 13, தாது உப்புக் கலவை ஒன்றரை, சாதாரண உப்பு அரைப் பங்கு என்று சேர்க்கலாம். பூஞ்சணம் பிடித்த பிண்ணாக்கைக் கண்டிப்பாகத் தவிர்க்க வேண்டும். அதிலுள்ள நச்சை முயலின் ஈரல் தாங்காது.

அகத்தி, வேலிமசால், முருங்கை, கல்யாண முருங்கைத் தழைகள் செலவைக் குறைக்கும். சவுண்டல் தழையைச் சிறிதளவே கொடுக்கலாம். பனி ஈரத்தோடு அறுத்த தழையை அப்படியே போடாமல், சிறிது நேரம் வாடவைத்துக் கொடுக்க வேண்டும். தீவனத்தைத் திடீரென்று மாற்றினால் கழிச்சல் காணும். முயல் இரவில் அதிகம் தின்னும் பிராணியாதலால் பெரும் பங்கை மாலையில் வைப்பது நல்லது. இரவில் தன் மென்மையான புழுக்கையைத் தானே தின்பது முயலின் இயற்கை, நோயல்ல.

நெருக்கடியில் வரும் நோய்கள்

கூட்டம் பெருகிய கூண்டில் முதலில் தலைகாட்டுவது சொறி. காது, மூக்கு, பாதங்களில் பொருக்குத் தட்டி ரோமம் உதிரும். பார்த்தவுடன் அந்த முயலைத் தனியே பிரித்து, கால்நடை மருத்துவரிடம் காட்டி ஊசி போட வேண்டும். சொறி மனிதருக்கும் தொற்றி அரிப்பு உண்டாக்கும் என்பதால் குழந்தைகள் அதைத் தொடக் கூடாது. பால் மறந்த குட்டிகள் வயிறு உப்பிக் கழிந்து இறந்தால் இரத்தக் கழிச்சலை உண்டாக்கும் ஒட்டுண்ணி காரணமாக இருக்கலாம். ஈரமான தரையும் புழுக்கை விழுந்த தீவனமும் இதைப் பரப்புகின்றன.

மனிதருக்கு வாங்கிய மாத்திரையைப் பொடித்துக் கொடுக்கும் பழக்கம் ஆபத்தானது. பெனிசிலின், ஆம்பிசிலின், அமாக்சிசிலின் வகை மருந்துகளை வாய்வழி கொடுத்தால் முயலின் குடலிலுள்ள நல்ல நுண்ணுயிர்கள் அழிந்து முயலே இறந்துவிடும்.

காட்டில் விட்டுவிடலாமா?

சமாளிக்க முடியாதவர்கள் சிலர் இரவோடு இரவாக முயல்களைக் கரட்டிலோ ஓடைக்கரையிலோ விட்டுவிடுகிறார்கள். இது முயலுக்குச் செய்யும் உதவியல்ல. கூண்டில் பிறந்து வளர்ந்த முயலுக்கு ஒளியத் தெரியாது. நாய்க்கும் கீரிக்கும் இரையாகவே பெரும்பாலானவை முடியும். நம் காட்டு முயல் வேறு இனம். அதன் குட்டி ரோமத்தோடு, கண் திறந்தே பிறக்கும். வீட்டு முயலோடு அது இனக்கலப்பும் ஆகாது. 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி காட்டு முயலைப் பிடிப்பதும் வளர்ப்பதும் குற்றம்.

பிழைத்துவிட்டாலும் தொல்லைதான். ஆஸ்திரேலியாவின் விக்டோரியா மாநிலத்தில் 1859-இல் ஒரு பண்ணை முதலாளி வேட்டைக்காகச் சுமார் இரண்டு டஜன் முயல்களைத் திறந்துவிட்டார். சில பத்தாண்டுகளில் அவை கண்டமெங்கும் பரவி மேய்ச்சலையும் பயிரையும் அழித்தன. மேற்கு ஆஸ்திரேலியாவில் 1901 முதல் 1907 வரை 3,000 கிலோமீட்டருக்கும் மேல் வேலி போட்டும் அவற்றைத் தடுக்க முடியவில்லை. 1950-இல் முயலைக் கொல்லும் வைரஸ் கிருமியையே பரப்ப வேண்டியதாயிற்று.

எத்தனை வைத்துக்கொள்வது?

குழந்தைகளுக்காக மட்டும் வளர்ப்பவர்கள் இரண்டு பெண் முயல்களையோ, ஒரு முயலையோ வைத்துக்கொண்டு மற்றவற்றை, ஆண் பெண் எது என்று சொல்லி, வளர்க்கத் தெரிந்தவர்களுக்குக் கொடுத்துவிடலாம். இரு பாலும் வேண்டுமென்றால் ஆணுக்குக் கால்நடை மருத்துவரிடம் விதை நீக்கம் செய்து, ஆறு வாரம் பிரித்து வைத்த பிறகே சேர்க்க வேண்டும். அதற்கு முன் சேர்த்தால் சினை பிடிக்கக்கூடும்.

வருமானத்துக்காகத் தொடர நினைப்பவர்களுக்கு ஐந்து பெண், ஓர் ஆண் என்ற அளவு தொடக்கத்துக்குப் போதும். பெண்ணுக்கு ஐந்து, ஆறு மாதமும், ஆணுக்கு ஏழு, எட்டு மாதமும் நிறைந்த பிறகே இனவிருத்திக்கு விட வேண்டும். பெண் முயலை ஆணின் கூண்டுக்குக் கொண்டுபோய் விட்டு, சேர்க்கை முடிந்ததும் திருப்பிக் கொண்டுவந்துவிட வேண்டும். குட்டிகளைப் பிரித்த பிறகே மறு சேர்க்கை என்று வைத்துக்கொண்டால் ஆண்டுக்கு நான்கு, ஐந்து ஈற்று கிடைக்கும், தாயும் இளைக்காது. ஆண் முயலை வேறு ஊர்ப் பண்ணையிலிருந்து மாற்றி வாங்க வேண்டும். வெள்ளை ஜெயண்ட், சோவியத் சின்சில்லா போன்ற பெரிய ரகங்களைப் பற்றி அறிய விரும்புவோர் கொடைக்கானலை அடுத்த மன்னவனூரிலுள்ள மத்திய செம்மறியாடு மற்றும் உரோம ஆராய்ச்சி நிலையத்தின் மண்டல மையத்தை அணுகலாம். இறைச்சிக்காக விற்பவர்கள் உணவுப் பாதுகாப்பு அலுவலரிடம் நடைமுறை விதிகளைக் கேட்டறிந்துகொள்வது நல்லது.

சந்தை இருக்கிறதா என்று பார்த்த பிறகே எண்ணிக்கையைக் கூட்ட வேண்டும். 'முன்பணம் கட்டுங்கள், குட்டிகளை நாங்களே திரும்ப வாங்கிக்கொள்கிறோம்' என்று வருகிறவர்களிடம் எச்சரிக்கை தேவை. ஈமு கோழித் திட்டங்களில் கொங்குப் பகுதி விவசாயிகள் பணத்தை இழந்து தவித்த செய்தி 2012-இல் நாடறிந்தது. உள்ளூரிலேயே வாங்குபவர் நாலு பேர் இருந்தால் அதுவே உறுதியான சந்தை.

நாட்காட்டி ஒன்றும் பென்சில் ஒன்றும் கூண்டருகே தொங்கட்டும். சேர்த்த நாள், ஈன்ற நாள், பிரித்த நாள் ஆகிய மூன்றையும் தவறாமல் குறித்து வருகிற வீட்டில் முயல் எதிர்பாராமல் பெருகுவதில்லை.